தாக்கியவர் தெரியாதபோது தூதர்களுக்கு என்ன வேலை?

கேள்வி: இணையத் தாக்குதலை நடத்தியது யார் என்பதையே உறுதிசெய்ய முடியாத நிலையில், நாடுகள் கூடிப் பேசி நெறிகள் வகுப்பதால் என்ன பயன்? மீறுபவரைத் தண்டிக்க வழியில்லையே?
– வாசகர், திருச்சி

பதில்: தண்டிக்க வழியில்லை என்பது உண்மை. ஆயினும், 2022 ஜூலையில் அல்பேனியாவுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அந்நாட்டு அரசின் இணையச் சேவைகள் தாக்குதலால் முடங்கின. ஈரானே பொறுப்பு என்று குற்றம்சாட்டிய பிரதமர் எடி ராமா, செப்டம்பர் 7 அன்று தூதரக உறவை முறித்து, ஈரானிய அலுவலர்கள் 24 மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்றார். ஈரான் மறுத்தது. நேட்டோ இராணுவக் கூட்டணியின் உறுப்பு நாடான அல்பேனியா, ஆயுதத்தின் பக்கம் போகாமலேயே தன் கண்டனத்தை உலகறியச் செய்ய இந்த வழி உதவியது.

கண்டிப்பதற்கும் ஓர் அளவுகோல் வேண்டும். அமெரிக்கா, ரஷ்யா, சீனா உள்ளிட்ட 20 நாடுகளின் வல்லுநர்களைக் கொண்ட ஐ.நா. குழு 2015இல் ஒருமனதாக ஏற்ற 11 நெறிகள் அத்தகையவை. மின்சாரம், மருத்துவம் போன்ற இன்றியமையாத சேவைகளின் கட்டமைப்பை வேண்டுமென்றே சிதைக்கக் கூடாது என்கிறது ஒரு நெறி. இணையத் தாக்குதல்களைச் சமாளிக்கும் பிற நாடுகளின் அவசரநிலைக் குழுக்களுக்குத் தீங்கிழைக்கக் கூடாது என்கிறது இன்னொன்று. தீயணைப்பு வண்டிக்குத் தீ வைக்காதே என்பதைப் போன்ற இந்த நெறியை நான் மிகவும் மதிக்கிறேன். உங்கள் ஐயத்தை நேரே தொடுவது மூன்றாவதாக நான் சொல்லப்போவது: தன் மண்ணிலிருந்து பிற நாட்டின் மீது தாக்குதல் நடப்பதை அறிந்தே ஓர் அரசு அனுமதிக்கக் கூடாது. தாக்கியவரின் பெயர் தெரியாவிட்டாலும், தாக்குதல் எந்த நாட்டின் கணினிகள் வழியாக வந்தது என்பது தெரிந்தால், அந்த நாட்டிடம் “தடுத்து நிறுத்துங்கள்” என்று கேட்க இந்த நெறி இடமளிக்கிறது.

இவை கட்டாயமற்றவை என்பது பெருங்குறை. 2017இல் அடுத்த குழு உடன்பாடின்றிக் கலைந்தது. ஆனால் 2021இல் ஐ.நா.வின் எல்லா உறுப்பு நாடுகளும் பங்கேற்கக்கூடிய பணிக்குழு அந்நெறிகளை மீண்டும் உறுதிப்படுத்தியது. சிங்கப்பூர்த் தூதர் புர்ஹான் கஃபூர் தலைமையில் தொடர்ந்த அடுத்த பணிக்குழுவின் முயற்சியால் 2024 மே மாதம் நாடுகளின் தொடர்பு அலுவலர் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதில் தூதரக அலுவலர், தொழில்நுட்ப அலுவலர் என இரு வகையினர் உண்டு. தாக்குதலுக்குள்ளான நாடு சந்தேகத்தின் பேரில் எதிர்த்தாக்குதலில் இறங்குவதற்கு முன், யாரை அழைத்து விசாரிப்பது என்பது இப்போது அதற்குத் தெரியும்.