அமெரிக்க மார்க்கெட் பயந்திருக்கா, சும்மா நடிக்குதா? கேட்டவங்களுக்கு பதில்

ரிசஷன், அதாவது பொருளாதார மந்தம் வரும்ங்கற பயத்த எப்படி அளக்கறதுன்னு கேளுங்கன்னு சொன்னதுக்கு இன்பாக்ஸ் ரொம்பி வழியுது. ஒரே மாதிரி வந்ததெல்லாம் சேத்துட்டேன்.

கேள்வி: அண்ணா, விக்ஸ் 30 தாண்டுனா ரிசஷன் கன்ஃபார்மா?

இல்ல தம்பி. எஸ் அண்ட் பி 500ங்கறது அமெரிக்காவோட 500 பெரிய கம்பெனி பங்குகளோட குறியீடு; அதோட ஆப்ஷன் (பின்னாடி ஒரு குறிச்ச விலைக்கு வாங்க, விக்கற உரிமை) விலைய வச்சு, அடுத்த 30 நாள்ல மார்க்கெட் எவ்ளோ ஆடும்னு ட்ரேடர்ஸ் நினைக்கறாங்களோ அதத்தான் விக்ஸ் சொல்லும், பொருளாதாரத்த பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. 16ஆல வகுத்துப் பாருங்க, விக்ஸ் 32ன்னா ஒரு நாளைக்கு சுமார் 2% ஆட்டம், அவ்ளோதான். 2024 ஆகஸ்ட் 5 ஞாபகம் இருக்கா? ஜப்பானோட பங்குக் குறியீடு நிக்கேய் ஒரே நாள்ல 12%க்கு மேல விழுந்துச்சு, அன்னிக்கு விக்ஸ் 65 வரைக்கும் எகிறிட்டு 38ல முடிஞ்சுது, ரெண்டு வாரத்துல 15 பக்கம் வந்து படுத்துருச்சு.

கேள்வி: யீல்ட் கர்வ் தலைகீழானா நிச்சயம் ரிசஷன்னு படிச்சேனே சார்?

நானும் அப்படித்தான் நம்புனேன். குறுகிய கால, நீண்ட கால அரசாங்க பாண்டு வட்டிகள காட்டற கோடுதான் யீல்ட் கர்வ். 2 வருஷ பாண்டு 10 வருஷ பாண்டவிட அதிக வட்டி தந்தா அது தலைகீழ்; அப்படின்னா, வருங்காலத்துல வட்டி குறையும், அதாவது பொருளாதாரம் படுக்கும்னு மார்க்கெட் நினைக்குதுன்னு அர்த்தம். 2006-07ல கரெக்டா சொல்லுச்சு. ஆனா 2022 ஜூலைல தலைகீழா போனது 2024 செப்டம்பர் வாக்குலதான் நிமிந்துச்சு, ரெண்டு வருஷத்துக்கு மேல, அதுக்குள்ள ரிசஷன் வரவே இல்ல. அத நம்பி பங்கு வாங்காம காசா வச்சிருந்தவங்க நெலமய நெனச்சுப் பாருங்க.

கேள்வி: ரெண்டு குவார்ட்டர் (மூணு மாசக் கணக்கு) தொடர்ந்து ஜிடிபி, அதாவது நாட்டோட மொத்த உற்பத்தி வளர்ச்சி மைனஸ்னா ரிசஷன்தானே?

அமெரிக்கால அந்த ரூல் கிடையாது. என்பிஇஆர்னு ஒரு பொருளாதார ஆராய்ச்சி அமைப்பு இருக்கு, அவங்க சொன்னாத்தான். 2022ல ரெண்டு குவார்ட்டர் மைனஸ்னு வந்தப்பவும் அவங்க சொல்லல. 2007 டிசம்பர்ல தொடங்குன ரிசஷன அறிவிச்சது 2008 டிசம்பர்ல, சாவு வீட்டுக்கு கருமாதிக்கு வந்த மாதிரி!

கேள்வி: ஏஏஐஐ சர்வேல எல்லாரும் பயப்படுறப்ப வாங்கலாமா?

ஏஏஐஐங்கறது அமெரிக்க தனிநபர் முதலீட்டாளர் சங்கம், சின்ன முதலீட்டாளர்கள்ட்ட வாராவாரம் கேக்கற சர்வே அது. 2009 மார்ச் 5ல 70% பேர் இன்னும் விழும்னாங்க, 9ம் தேதி மார்க்கெட் அடித்தட்டு. சூப்பரா இருக்குல்ல? 2022லயும் வாரக்கணக்கா பயம்தான், ஆனா சீக்கிரமே வாங்குன பல பேர் கைய சுட்டுக்கிட்டாங்க.

கேள்வி: அப்ப நீங்க எத பாப்பீங்க?

கிரெடிட் ஸ்ப்ரெட். ஊர் நெலம தெரியணும்னா வட்டிக்கு விடறவர் மூஞ்சிய பாத்தா போதும்ல, அதே கதைதான், கடன் தரம் கம்மியான கம்பெனிக்கு கடன் குடுக்க அரசாங்க பாண்டுக்கு மேல எவ்ளோ வட்டி கேக்கறாங்கன்னு பாருங்க. 2008 டிசம்பர்ல அது 20 சதவீதப் புள்ளியையே தாண்டிச்சு. 2024 ஆகஸ்ட்ல அவ்ளோ கூச்சல்லயும் 4 பக்கத்துலயே நின்னுச்சு. சர்வேல வாயால பயப்படலாம், இங்க பணத்தோட பயப்படணும். ஆனா இதுவும் முன்கூட்டி எல்லாம் சொல்லாது, நெருப்பு பெருசா சின்னதான்னுதான் சொல்லும்.

கேள்வி: நீங்க எப்பவாச்சும் ஏமாந்துருக்கீங்களா?

ஐயோ. 2020 மார்ச் 16ல விக்ஸ் 82.69ல முடிஞ்சுது, மறுநாள் குறைஞ்சதும் பயம் போச்சுன்னு ஃபண்டுல மொத்தமா போட்டேன். 23ம் தேதி வரைக்கும் விழுந்துச்சு, தூக்கம் போச்சு, பாதிய வித்தேன். ஆகஸ்ட்ல மார்க்கெட் புது உச்சம். மீதிப் பாதி இன்னும் இருக்கு, வீட்டம்மா பேர்ல, பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது.