நட்சத்திரங்களுக்காக ஊதப்படாத விசில்

கேள்வி: அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் கூடைப்பந்து ஆட்டங்களில், பெரிய ஆட்டக்காரர் மீது விரல் பட்டாலே விசில் ஒலிக்கிறது. அதே உரசல் ஒரு மாற்று ஆட்டக்காரருக்கு நேர்ந்தால் நடுவர் கண்டுகொள்வதே இல்லை. 2025 பிளே-ஆஃப் ஆட்டங்களில் ஓக்லஹோமா சிட்டி அணியின் ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டரை எதிரணி ரசிகர்கள் ‘ஃப்ரீ த்ரோ வியாபாரி’ (ஃபவுல் எனும் விதிமீறலுக்கு ஈடாகத் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்பைத் தேடி அலைபவர்) என்று கோஷமிட்டுக் கேலி செய்ததில் நியாயம் இருக்கிறதுதானே? நடுவர்கள் நட்சத்திரங்களுக்குச் சலுகை காட்டுகிறார்களா?

பதில்: சலுகை இருக்கிறது என்பதே என் கருத்து. ஆனால், அது ரசிகர்கள் தேடும் இடத்தில் இல்லை. இந்த வாதம் எப்போது எழுந்தாலும் எல்லோரும் முதலில் எடுத்து நீட்டுவது ஃப்ரீ த்ரோ கணக்கைத்தான். 2006 இறுதித் தொடரை இதற்கு உதாரணமாகச் சொல்லாதவர்கள் குறைவு. மயாமி ஹீட் அணியின் டுவெயின் வேட் அந்த 6 ஆட்டங்களில் 97 ஃப்ரீ த்ரோ எறிந்தார். 5ஆவது ஆட்டத்தில் மட்டும் அவர் தனியாக எறிந்தவை 25, எதிரணியான டல்லஸ் மாவெரிக்ஸ் முழுவதும் சேர்ந்து எறிந்தவையும் 25. பார்த்தவுடன் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால், வேட் பந்தைத் தட்டிக்கொண்டு கூடைக்கு அடியில் நிற்கும் கூட்டத்துக்குள் திரும்பத் திரும்பப் பாய்ந்தவர் என்பதையும், டல்லஸின் பெரும் பலம் டர்க் நோவிட்ஸ்கி தள்ளி நின்று எறிவதாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த இரண்டு எண்களை ஒப்பிடுவது சரியாகாது.

கில்ஜஸ்-அலெக்சாண்டரின் கதையும் இதுதான். ஆட்டத்துக்கு ஏறத்தாழ 20 முறை கூடையை நோக்கிப் பாய்பவர் அவர். அத்தனை முறை உடல்கள் மோதும்போது, சராசரியாக 9 ஃப்ரீ த்ரோ கிடைப்பதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. ஸ்டீபன் கறியை எண்ணிப் பாருங்கள். புகழில் அவரை மிஞ்சியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், ஆனாலும் அவருடைய வாழ்நாள் சராசரி ஆட்டத்துக்கு 4 சொச்சம்தான். பெயருக்காக விசில் ஊதப்படுகிறது என்றால் அவருக்கு அல்லவா முதலில் ஊதியிருக்க வேண்டும்? தொலைவிலிருந்து எறிபவர் என்பதால் அவருக்கு அந்த வாய்ப்பே குறைவு. பந்து கையில் இல்லாமல் அவர் ஓடும்போது எதிரணியினர் சட்டையைப் பிடித்து இழுப்பதில் பாதிகூடக் கணக்கில் வருவதில்லை என்று அவருடைய ரசிகர்கள் புலம்புவது தனிக் கதை.

ஜேம்ஸ் ஹார்டனுக்கு நேர்ந்தது இன்னும் தெளிவான சான்று. 2018-19 சீசனில் ஆட்டத்துக்கு 11 ஃப்ரீ த்ரோ எறிந்தவர் அவர். எறிபவர் தாமாகவே திடீரென்று பக்கவாட்டில் சாய்ந்து தடுப்பவர் மீது மோதுவதையும், காலை வழக்கத்துக்கு மாறாக நீட்டுவதையும், தடுப்பவரின் கையைத் தம் கையோடு கோத்து இழுப்பதையும் இனித் தடுப்பவரின் ஃபவுலாகக் கொள்ள வேண்டாம் என்று 2021-22 சீசனில் நடுவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டபோது, அந்த சீசனின் தொடக்கத்தில் ஹார்டனின் ஃப்ரீ த்ரோக்கள் மளமளவென்று குறைந்தன. அவருடைய பெயரும் புகழும் அப்படியேதான் இருந்தன. மாறியது விதியின் விளக்கம் மட்டுமே.

அப்படியென்றால் சலுகை எங்கே இருக்கிறது? ஊதப்படாத விசிலில் இருக்கிறது. என்.பி.ஏ.வில் 6 ஃபவுல் செய்தவர் வெளியேற வேண்டும். ஐந்து ஃபவுலுடன் ஒரு நட்சத்திரம் தடுப்பில் நிற்கும்போது நேரும் அரைகுறை உரசலுக்கு விசில் ஊதினால், காசு கொடுத்து வந்தவர்கள் யாரைப் பார்க்க வந்தார்களோ அவரையே வெளியே அனுப்பியதாகிவிடும். அதை நடுவர் மனத்தில் நினைக்கவே மாட்டார் என்று நம்புவதற்கு என்னால் முடியவில்லை. அந்தக் காலத்து நட்சத்திரமான வில்ட் சேம்பர்லின் 1,045 லீக் ஆட்டங்களில், அதுவும் ஆட்டத்துக்குச் சராசரியாக 45 நிமிடங்களுக்கு மேல் களத்தில் நின்று, ஒருமுறைகூட ஃபவுல் எண்ணிக்கையால் வெளியேற்றப்பட்டதில்லை. நடுவர்கள் அவரைக் காப்பாற்றினார்கள் என்பார்கள் சிலர்; 5ஆவது ஃபவுலுக்குப் பின் அவரே கையைக் கட்டிக்கொண்டு தடுத்தார் என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கும் என்றே தோன்றுகிறது.

கேள்வி: 1998 இறுதித் தொடரின் கடைசி எறிதலில் சிகாகோவின் மைக்கேல் ஜோர்டன் யூட்டாவின் பிரயன் ரசலைத் தள்ளிவிட்டார் என்பது ஊரறிந்த விஷயம். அதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

பதில்: 6ஆவது ஆட்டத்தில் யூட்டா ஜாஸ் 86-85 என்று முன்னிலையில் இருந்தபோது ஜோர்டன் வலப்புறம் பாய்ந்து சட்டென்று நின்றார், அவருடைய இடக்கை ரசலின் இடுப்பருகே பட்டது, ரசல் சறுக்கினார், பந்து கூடைக்குள் விழுந்தது, 5.2 விநாடிகள் மீதமிருந்தன. ரசல் ஏற்கெனவே ஓடிய வேகத்திலேயே நிலை தடுமாறிவிட்டார் என்று வாதிடவும் இடம் உண்டு. இறுதித் தொடரின் கடைசி நொடிகளில் இத்தகைய உரசலுக்கு அந்த நாளில் எந்த நடுவரும் யாருக்கு எதிராகவும் எளிதில் விசில் ஊதியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. அதே ஆட்டத்தில் யூட்டாவின் ஹாவர்ட் ஐஸ்லி 24 விநாடிக் கடிகாரம் (ஓர் அணி பந்தை எறிந்தாக வேண்டிய கால வரம்பு) முடிவதற்குள் எறிந்த 3 புள்ளிக் கூடையை நடுவர் தவறாக ரத்து செய்தார். சிகாகோவின் ரான் ஹார்ப்பர் கடிகாரம் முடிந்த பிறகு எறிந்த 2 புள்ளிக் கூடையைத் தவறாக ஏற்றுக்கொண்டார். ஒரே புள்ளியில் முடிந்த ஆட்டத்தில் 5 புள்ளிகள் இடம் மாறின. இரண்டிலும் நட்சத்திரம் யாரும் இல்லை. அதனாலோ என்னவோ, இரண்டும் ஜோர்டனின் கை அளவுக்குப் பேசப்படுவதில்லை. கடைசி நொடி எறிதல்களைச் சரிபார்க்க வீடியோ வந்ததே 2002-03 சீசனில்தான்.

கேள்வி: இப்போதுதான் வீடியோ இருக்கிறதே, பயிற்சியாளர் முறையீடும் செய்யலாமே. இனிச் சலுகைக்கு ஏது இடம்?

பதில்: 2019-20 முதல் நடைமுறையில் உள்ள பயிற்சியாளர் முறையீடு, ஊதப்பட்ட விசிலை மறுபரிசீலனை செய்வதற்கானது. ஊதப்படாத ஃபவுலுக்காக முறையிட முடியாது. பந்து யாரிடம் பட்டு வெளியே போனது என்பதைச் சரிபார்க்கும்போது அதையொட்டி நடந்த ஃபவுலையும் கவனிக்கலாம் என்று 2024-25 சீசனில் திறந்த சிறு வாசல் மட்டுமே விதிவிலக்கு. ஆகவே, நான் சொன்ன அந்த மௌனச் சலுகையை இந்த ஏற்பாடு ஏறக்குறைய தொடுவதே இல்லை.

அந்த மௌனம் நட்சத்திரங்களையும் சுடும் என்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரி 28 அன்று பாஸ்டனில், 105-105 என்ற சமநிலையில், லேக்கர்ஸ் அணியின் லெப்ரான் ஜேம்ஸ் கடைசி விநாடிகளில் கூடைக்குப் பாய்ந்து பந்தை உயர்த்தியபோது, பாஸ்டன் அணியின் ஜேசன் டேட்டம் அவருடைய இடக்கையில் அடித்தார். விசில் இல்லை. லெப்ரான் தரையில் மண்டியிட்டு முகத்தைப் புதைத்துக்கொண்டார். சக வீரர் பேட்ரிக் பெவர்லி ஒரு புகைப்படக் கருவியைக் கொண்டுவந்து நடுவரிடம் காட்டி, டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தைக்கான தண்டனை) வாங்கிக்கொண்டார். கூடுதல் நேரத்தில் லேக்கர்ஸ் 125-121 என்று தோற்ற பிறகு, தவறு நடந்ததை நடுவர் தரப்பே ஒப்புக்கொண்டது. நெருக்கமான ஆட்டங்களின் கடைசி 2 நிமிடத் தீர்ப்புகளைப் பற்றி 2015 முதல் என்.பி.ஏ. வெளியிடும் அறிக்கை, ஊதாமல் விட்டவற்றையும் பட்டியலிடுகிறது. ஆனால், அது மறுநாள்தான் வரும், முடிவை மாற்றாது.

கேள்வி: லீக் நிர்வாகமே நட்சத்திரங்களைக் காப்பாற்றச் சொல்கிறதா?

பதில்: தாம் நடுவராக இருந்த ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டி 2007இல் பிடிபட்ட டிம் டோனகி, நிர்வாகத்தின் மீதும் சக நடுவர்கள் மீதும் பலவாறாகக் குற்றம் சாட்டினார். சூதாட்டத்துக்காகச் சிறை சென்றவர் அவர் என்பதும், அடுத்த ஆண்டு வெளியான விசாரணை அறிக்கை வேறு எந்த நடுவர் மீதும் அத்தகைய குற்றத்தைக் காணவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். நிர்வாகம் உத்தரவிடுகிறது என்று நான் நம்பவில்லை. உத்தரவு தேவைப்படுவதாகவும் தெரியவில்லை. 2007 ஏப்ரலில், பெஞ்சில் உட்கார்ந்து சிரித்ததற்காக நட்சத்திர ஆட்டக்காரர் டிம் டங்கனை நடுவர் ஜோ கிராஃபோர்ட் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றினார். டங்கனுக்கு 25,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கிராஃபோர்டோ அந்த சீசனின் எஞ்சிய காலம் முழுவதற்கும் இடைநீக்கம் செய்யப்பட்டார். சிரித்தவர் அணியின் பன்னிரண்டாவது ஆளாக இருந்திருந்தால் அந்த இடைநீக்கம் நடந்திருக்குமா என்பதை மற்ற நடுவர்கள் எண்ணிப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.