தம்பி, துப்பாக்கியை ஊரிலேயே ஒப்படைத்துவிட்டு வாருங்கள்

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அடுத்த மாதம் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்கிறேன். அப்பா பயிர்ப் பாதுகாப்புக்காக வாங்கிய 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி (முன்கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது) இப்போது என் லைசென்ஸில் இருக்கிறது. அதைக் கூடவே கொண்டுவர முடியுமா? ஒரு ரெட் டாட் சைட் (குறிவைக்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி) வாங்கி அதில் மாட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அங்கே வாங்கலாமா? சுடுவதற்கு இடம் உண்டா?"

நான் இங்கே வந்து 23 வருடமாகிறது. பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் இயந்திரம் வீசும் களிமண் தட்டுகளைச் சுடப் போகிறவன். அதனால் உங்கள் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனாலும் முதலில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கொண்டுவராதீர்கள். துப்பாக்கி, தோட்டா, கழற்றிய பாகம், எதுவுமே வேண்டாம்.

ஊரில் லைசென்ஸ் இருந்தால் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்கிறோம். அந்தப் பழக்கத்தோடு இந்த ஊரைப் பார்க்கக் கூடாது. இங்கே 1973-இல் வந்த ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தாலே 5 முதல் 10 வருடம் சிறை, குறைந்தது 6 பிரம்படி. குற்றம் செய்யும்போது சுட்டாலோ சுட முயன்றாலோ மரண தண்டனை. காற்றுத் துப்பாக்கியும் துப்பாக்கியின் உதிரிப் பாகமும்கூட இந்தச் சட்டத்தில் ஆயுதம்தான். ஊரில் பையன்கள் பலூன் சுடும் ஏர்கன்னை நினைத்து, 'அது பரவாயில்லை' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

என் கதை ஒன்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் அப்பாவின் பழைய காக்கிச் சட்டையை ஞாபகார்த்தமாக எடுத்துவர நினைத்தேன். திருச்சியில் பெட்டி கட்டும்போது என் மனைவி அதை உதறி மடித்தாள். பக்கவாட்டுப் பையிலிருந்து ஏதோ தரையில் விழுந்து உருண்டது. சிவப்புப் பிளாஸ்டிக், பித்தளை அடிப்பாகம், வாய் விரிந்து கறுத்த வெற்றுத் தோட்டாக் கூடு. அப்பா எப்போதோ தோட்டத்தில் சுட்டது. அதில் மருந்தும் இல்லை, குண்டும் இல்லை. ஆனால் அது பெட்டிக்குள் இருந்து, சாங்கி விமான நிலையத்தில் ஸ்கேனர் அதைக் காட்டியிருந்தால்? அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. கூட்டைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு, சட்டையை இரண்டு முறை உள்ளே வெளியே திருப்பிப் பார்த்த பிறகுதான் பெட்டியில் வைத்தேன். நீங்களும் காட்டுக்கும் ரேஞ்சுக்கும் எடுத்துப்போன பை, பெல்ட், ஜாக்கெட் ஒன்றையும் பயணத்துக்கு எடுக்காதீர்கள். புதுப் பை வாங்கிக்கொள்ளுங்கள், தம்பி.

வெற்றுக் கூடு விஷயத்தில் இந்த ஊர் எவ்வளவு கவனம் என்பதை என் மகன் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, போனபோதுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். சுடு தளத்தை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு பையனும், தன்னிடம் தோட்டாவோ வெற்றுக் கூடோ இல்லை என்று அதிகாரி முன்னால் உரக்க உறுதி சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும்.

சரி, உங்கள் துப்பாக்கியை என்ன செய்வது? ஊரில் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவோமே, அதே மாதிரிதான். லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படையுங்கள். ரசீதில் துப்பாக்கியின் எண் சரியாக எழுதியிருக்கிறதா என்று நின்று படித்துப் பாருங்கள். லைசென்ஸ் புதுப்பிக்கும் தேதியை வீட்டில் ஒருவர் குறித்து வைத்திருக்கட்டும். 'மாமா வீட்டில் இருக்கட்டும்' என்று விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் லைசென்ஸ் உங்களுக்குத்தான், மாமாவுக்கு இல்லை.

இனி சைட். இதைப் பற்றிப் பேச எனக்கு நிறைய இருக்கிறது. ஹூஸ்டனில் இருக்கும் என் மைத்துனர் தன் ரெமிங்டன் 870-இல் ரெட் டாட் மாட்டியபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். 1950-இல் வந்த அந்தத் துப்பாக்கி இன்னும் உலகத்தில் அதிகம் புழங்கும் பம்ப் ஆக்‌ஷன்களில் ஒன்று. அவருடையதில் மேல்பக்கம் திருகுக்கான துளை இல்லை. மாஸ்பெர்க் 500 போன்றவற்றில் கம்பெனியிலேயே துளை போட்டு மரை வெட்டித் தருகிறார்கள். துளை இல்லாததற்குச் சேணம் மாதிரி மேலே கவிழ்ந்து, விசைத் தொகுதியைப் பிடித்திருக்கும் ஊசிகளின் இடத்திலேயே பூட்டிக்கொள்ளும் தாங்கி கிடைக்கிறது. அவர் அதைத்தான் போட்டார். உங்களுடையதில் துளை இல்லையென்றால் தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்துத் துளை போட்டுவிடாதீர்கள். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பட்டறையில்தான் அந்த வேலை நடக்க வேண்டும்.

மாட்டி முடித்து நான் கன்னத்தைத் துப்பாக்கியின் பின்கட்டையில் வைத்தேன். கண்ணாடிக்குள் புள்ளியே இல்லை. தலையை உயர்த்தினால் புள்ளி வந்தது, ஆனால் கன்னம் கட்டையை விட்டுவிட்டது. விஷயம் இதுதான். குழல் நுனியில் குறிவைக்க இருக்கும் சிறு மணியைப் பார்ப்பதற்கென்று செய்த கட்டை தாழ்வாக இருக்கும். சைட்டை ஏற்றினால் கண்ணும் ஏற வேண்டும், அதற்குக் கன்னம் படும் இடமும் ஏற வேண்டும். கன்னம் தொங்கினால் ஒவ்வொரு முறையும் கண் வேறு வேறு இடத்தில் இருக்கும், 12 போரின் உதை வேறு தாடையில் விழும். கட்டையின் மேல் ஒரு திண்டு கட்டிய பிறகுதான் எனக்குச் சரியாக வந்தது. வாங்குவோர் பலர் சைட்டுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு இந்தத் திண்டை மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் திருகுகள். பத்துப் பன்னிரண்டு ஸ்லக் (ஒற்றைக் குண்டுத் தோட்டா) சுட்டதுமே, ஒன்றாக விழுந்துகொண்டிருந்த குண்டுகள் சிதற ஆரம்பித்தன. தொட்டுப் பார்த்தால் சைட் ஆடியது. நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு, அளவான இறுக்கத்தில் முடுக்கிய பிறகு அசையவில்லை. புள்ளியின் அளவையும் கவனியுங்கள். அதை எம்ஓஏ என்ற கோண அளவில் சொல்வார்கள். 6 எம்ஓஏ புள்ளி 50 கஜத்தில் கிட்டத்தட்ட 8 சென்டிமீட்டரை மறைக்கும், 2 எம்ஓஏ என்றால் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஸ்லக்குக்குச் சின்னப் புள்ளி நல்லது. வேகமாகப் பார்த்துச் சுடுவதற்குப் பெரிய புள்ளி வசதி. இந்த சைட் எதையும் பெரிதாக்கிக் காட்டாது. அதன் அருமை வேறு: இரண்டு கண்ணும் திறந்திருக்கலாம், கண் கொஞ்சம் விலகினாலும் புள்ளி இலக்கின் மேலேயே நிற்கும். 1975-இல் ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் கம்பெனி முதல் எலெக்ட்ரானிக் ரெட் டாட்டைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, இங்கே உங்களுக்கு அது வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன்? இங்கே ஷாட்கன் (உங்களுடையது போன்ற சிதறு குண்டுத் துப்பாக்கி) என்றால் களிமண் தட்டுதான். அனைத்துலகப் போட்டி விதிகளில் 12 போர்வரை அனுமதி உண்டு, ஆனால் பம்ப் ஆக்‌ஷனுக்கு இடமில்லை. ஒளிரும் சைட்டுக்கும் இடமில்லை. அதற்கு நியாயமும் இருக்கிறது என்பது என் எண்ணம். 110 மில்லிமீட்டர் தட்டு நமக்கு 15 மீட்டர் முன்னாலிருந்து சீறிக் கிளம்பும்போது, பார்வை தட்டின் விளிம்பில் இருக்க வேண்டும். புள்ளியைத் தேடுகிறவனின் துப்பாக்கி ஒரு கணம் நின்றுவிடும், ஈயக் குண்டுகள் தட்டுக்குப் பின்னால் போகும். எனக்கு இது கைவர இரண்டு வருடம் பிடித்தது. கன்னம் அசையாமல் கட்டையில் உட்கார்ந்திருந்தால், கண்ணே பின்பக்கத்து சைட். ஹூஸ்டனில் அந்தத் திண்டு கற்றுக்கொடுத்த பாடம் எனக்கு இங்கேதான் உதவியது.

சைட்டை மட்டும் இணையத்தில் வாங்கி இங்குள்ள முகவரிக்கு வரவழைக்கலாமா என்றால், காவல்துறையின் உரிமப் பிரிவுக்கு எழுதிக் கேட்டு, பதில் கையில் வந்த பிறகு யோசியுங்கள். விளையாட்டுக்கு என்று பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கி வாங்குகிற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

சுட இடம் இருக்கிறது. ஓல்ட் சுவா சூ காங் சாலையில் தேசியத் துப்பாக்கி சுடுதல் மையம் உண்டு. இடுகாடுகள் இருக்கும் பக்கம், கொஞ்சம் தள்ளித்தான். முதலில் துப்பாக்கி சுடுதல் சங்கத்தில் பேசி, அறிமுகப் பயிற்சிக்கு வழி கேளுங்கள். துப்பாக்கியும் தோட்டாவும் அங்கேயே இருக்கும், அங்கேயே எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். சொந்தத் துப்பாக்கியை வீட்டில் துடைத்து எண்ணெய் போட்டுப் பழகியவருக்கு முதலில் கை சும்மா இருப்பது போலத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. செலவு ஊரைவிட அதிகம், அதனால் முதல் ஆறு மாதம் வேலையையும் வாடகையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டு பிறகு வாருங்கள்.

வரும்போது உங்கள் கண்ணுக்கு ஏற்ற பாதுகாப்புக் கண்ணாடியும் நல்ல காது மூடியும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவின் துப்பாக்கியில் உங்கள் கன்னம் எங்கே படுகிறது என்று, ஒப்படைக்கும் முன் ஒரு தடவை, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டுத் தோளில் வைத்துப் பாருங்கள். கட்டையின் பின்நுனியிலிருந்து அந்த இடம் எத்தனை விரல் தூரம் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். முதல் நாள் நான் கேட்பது அதைத்தான்.