சைக்கிளுக்கு ஜீன்ஸ் சரிப்படுமா?

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் வரை காலையில் சும்மா சைக்கிளில் போய்வர ஜீன்ஸ் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஜீன்ஸை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்: கால்களின் உள்தையல்களும் நடுத்தையலும் கவட்டையில் ஒரே இடத்தில் தடித்துச் சேரும். சீட்டில் நீங்கள் உட்காருவதே அதன்மேல்தான். செட்டிநாட்டு வெயிலில் வேர்வை ஊறிய கனத்த துணி சீக்கிரம் காயாது, தொடையை அரைத்துவிடும்.

கவட்டையில் தனித் துண்டு வைத்துத் தைத்த, கொஞ்சம் இழுபடும் மெல்லிய டிராக் பேன்ட் எடுங்கள். கடையிலேயே முட்டியை மடக்கி உயர்த்திப் பாருங்கள். பின்னிடுப்பு கீழே இறங்கினால் அது ஆகாது.

அப்புறம், செயின் வலப்பக்கம். வலது கால் விளிம்பு தொளதொளவென்று இருந்தால் பல்சக்கரம் கவ்விக் கிழித்துவிடும். ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிக்கொள்ளுங்கள். நம் பெரியவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிள் ஏறுவது இதற்கும் சேர்த்துத்தான்.