பிளாஸ்டிங் ஹெல்மெட்: அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது?

இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் ஏர்லைன் ஹெல்மெட் பற்றிய கேள்விகள்தான். அதாவது, கிரிட் எனும் கரகரப்பான தூளைக் காற்றழுத்தத்தால் அடித்துப் பெயின்ட் உரிக்கும் பிளாஸ்டிங் வேலையில், ஹோஸ் வழியாகச் சுவாசிக்கக் காற்று தரும் ஹெல்மெட். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கண்ணாடி ஒரே நாளில் மங்கிவிடுகிறது. துணியால் துடைக்கலாமா?

கிரிட் தூள் ஒட்டியிருக்கும்போது துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல. வெளி லென்ஸ்மேல் ஒட்டும் ஷீட் அதற்குத்தான் இருக்கிறது, உரித்துப் போடுங்கள். தின்னர் பக்கமே போகாதீர்கள். உள் லென்ஸில் விரிசல் தெரிந்தால் அன்றைக்கு அந்த ஹெல்மெட் வேலைக்குப் போகக்கூடாது.

கேஜில் பிரஷர் சரியாகத்தான் காட்டுகிறது, ஆனால் உள்ளே காற்று போதவில்லை. என்ன காரணம்?

ஹோஸ் எத்தனை மீட்டர், எத்தனை துண்டாக இணைத்திருக்கிறீர்கள், ஹெல்மெட் என்ன மாடல், எதையும் சொல்லாமல் காரணம் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். பொதுவாகச் சொல்கிறேன். வால்வு மூடியிருக்கும்போது பார்த்த பிரஷர் கணக்கில் வராது, ஹெல்மெட்டுக்குள் காற்று ஓடும்போது கேஜ் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். மேனுவலில் ஹோஸ் நீளத்துக்கும் துண்டுகளின் எண்ணிக்கைக்கும் ஏற்ப எவ்வளவு பிரஷர் வைக்க வேண்டும் என்று ஒரு அட்டவணை இருக்கும், அதன்படிதான் வைக்க வேண்டும். தலையைத் தொளதொளவென்று மூடும் ஹூட் வகைக்கு நிமிடத்துக்குச் சுமார் 170 லிட்டராவது வர வேண்டும். ஹோஸ் மொத்தம் 90 மீட்டர் தாண்டக்கூடாது, பிரஷர் 125 பி.எஸ்.ஐ. தாண்டக்கூடாது. அளவு சேருகிறதே என்று வேறு கம்பெனி ஹோஸை மாட்டியிருந்தால், ஹெல்மெட்டுக்குக் கிடைத்த அங்கீகாரம் அத்தோடு போச்சு. ஹோஸ், வால்வு, மூச்சுக்குழாய், ஹெல்மெட் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே செட்டாகத்தான் அங்கீகாரம் தருகிறார்கள்.

விலை உயர்ந்த ஏர்லைன் ஃபில்டர் மாட்டிவிட்டோம். இனி எந்தக் கம்ப்ரஸரிலிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம்தானே?

இதை எத்தனை முறை எழுதுவது? அந்த ஃபில்டர் எண்ணெய்த் துளி, தண்ணீர், துகள், கொஞ்சம் வாடை, இவ்வளவைத்தான் பிடிக்கும். கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைப் பிடிக்காது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் போட்டு ஓடும் கம்ப்ரஸர் சூடு ஏறினால் அதன் உள்ளேயே உருவாகும், டீசல் எஞ்சினின் புகையிலிருந்தும் வரும். நான் ஒருமுறை போன வேலையிடத்தில், காற்றை உறிஞ்சும் வாய் அதே கம்ப்ரஸரின் புகைக்குழாய்ப் பக்கமே திரும்பியிருந்தது. காலையில் ஒன்றும் ஆகவில்லை. மதியம் காற்று திசை மாறியதும் உள்ளே இருந்தவர் தலை வலிக்கிறது என்று வெளியே வந்தார், வெயில்தான் காரணம் என்று சொல்லித் தண்ணீர் கொடுத்து மறுபடி அனுப்பப் பார்த்தார்கள். அந்த லைனிலும் புத்தம்புது ஃபில்டர்தான் மாட்டியிருந்தது.

சுவாசிக்கும் காற்றுக்கு அளவு இருக்கிறது. ஆக்ஸிஜன் 19.5 முதல் 23.5 சதவீதம், கார்பன் மோனாக்சைடு 10 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 10 பங்கு), கார்பன் டை ஆக்ஸைடு 1000 பி.பி.எம்.முக்குள், எண்ணெய் ஒரு கன மீட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள். மோனாக்சைடை மாற்றிவிடும் கேட்டலிஸ்ட் வைத்த கருவி தனியாக வருகிறது, ஈரம் ஏறினால் அதுவும் வேலை செய்யாது. உறிஞ்சும் வாயைப் புகை வராத இடத்துக்கு மாற்றுங்கள், லைனில் மோனாக்சைடு அலாரம் வையுங்கள், அதைக் காலிபரேட் செய்யுங்கள். பேட்டரி செத்துப்போன அலாரம் சுவரில் தொங்குவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

வேலைக்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

காற்று வரும் பக்கத்திலிருந்து தலையை நோக்கி வாருங்கள். கம்ப்ரஸரும் அலாரமும் சரியா, ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடித்தாயிற்றா, ஹோஸில் வெட்டோ உப்பலோ உண்டா? ஹோஸை லைனில் இணைக்கும் கப்ளிங்கைக் கட்டாயம் பாருங்கள், நைட்ரஜன் லைனிலும் அதே கப்ளிங் பொருந்துகிறதென்றால் உடனே மாற்ற வேண்டும், தப்பான லைனில் மாட்டிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் மூச்சுக்குழாய், கழுத்துப் பட்டை, லென்ஸ் கேஸ்கெட், மேலங்கியில் கிழிசல். கடைசியாகக் காற்றைத் திறந்துவிட்டு, அது ஓடும்போதே மாட்டுங்கள்.

தாடி இருக்கலாமா?

தொளதொள ஹூட் என்றால் இருக்கலாம். உள்ளே முகத்தோடு ஒட்டும் மாஸ்க் உள்ள மாடல் என்றால் மழித்தே ஆக வேண்டும்.

அடிக்கும் தூளாக மணலை விட்டு கார்னெட் என்ற கல் தூளுக்கு மாறிவிட்டோம். அதை நிரப்பும் பாட் பக்கம் நிற்பவருக்குச் சாதா மாஸ்க் போதுமா?

மாறியது நல்லது, பிரிட்டனில் 1949லேயே மணலுக்குத் தடை போட்டுவிட்டார்கள். ஆனால் தூசி கார்னெட்டிலிருந்து மட்டுமா வருகிறது? நீங்கள் உரிக்கும் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், கான்கிரீட் என்றால், மணலில் உள்ள அதே நுரையீரலைக் கெடுக்கும் சிலிகா கட்டாயம் இருக்கும். காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துவிட்டு அவருக்கான ரெஸ்பிரேட்டரை முடிவு செய்யுங்கள். துணி மாஸ்க்கை நான் கணக்கிலேயே எடுக்கமாட்டேன்.

நாசிலை (தூள் பீய்ச்சும் முனையை) நிறுத்தியதும் ஹெல்மெட்டைக் கழற்றலாமா?

கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நுரையீரலின் அடிவரை போகும், அது தெரிகிற தூசி படிந்த பிறகும் வெகுநேரம் மிதந்துகொண்டிருக்கும். வெளியே வந்து, உடையில் உள்ளதை வேக்குவம் வைத்து எடுத்துவிட்டு, காற்று ஓடும்போதே கழற்றுங்கள். நடுவில் காற்று நின்றுவிட்டால் மட்டும், செய்வதை அப்படியே போட்டுவிட்டு உடனே வெளியேறுங்கள்.

ஆக்ஸிஜன் குறைந்த டேங்குக்குள் இதையே போட்டு இறங்கலாமா?

கூடவே கூடாது. தப்பிக்கத் தனி சிலிண்டர் சேர்ந்த செட் அதற்கு வேண்டும்.

வேலை முடிந்ததும் பாட் பக்கத்தில் ஆணியில் தொங்கவிடுகிறோம், பரவாயில்லையா?

மறுநாள் தலையில் மாட்டும்போது அந்தத் தூசியெல்லாம் உங்கள் மூக்குக்கு நேராக இருக்கும். மைல்டான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, பையில் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.