சென்டர்களை எப்படி ஒப்பிடுவது? மைக்கன் முதல் யோகிச் வரை, கேள்வி பதில்

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் சென்டர்களைப் பற்றி, அதாவது வளையத்தின் அருகே ஆடும், வழக்கமாக அணியிலேயே உயரமானவர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும், கேட்டவர்களின் புனைபெயர்களோடு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாக்குகளை (எதிரணி எறிந்த பந்தை வழியிலேயே தட்டித் தடுப்பது) அதிகாரப்பூர்வமாகக் கணக்கில் எழுதத் தொடங்கியது 1973-74 பருவத்தில்தான். அதற்கு முன் ஆடி முடித்த ஒருவருக்கு யாராவது பிளாக் சராசரி சொன்னால், அது ஊகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று விநாடி: வில்ட் சேம்பர்லின் 1961-62இல் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகளும் 25.7 ரீபவுண்டுகளும் (குறி தவறித் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) எடுத்தார். ஷகீல் ஓ'நீல் தன் உச்சமான 1999-2000 பருவத்தில் எடுத்தவை 29.7, 13.6. அப்படியானால் வில்ட் ஏறக்குறைய இரு மடங்கு பெரிய ஆட்டக்காரரா?

பதில்: இல்லை, ஆனால் ஏன் இல்லை என்பதைக் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும். 1961-62இல் ஒரு சராசரி அணி ஓர் ஆட்டத்தில் சுமார் 108 முறை வளையத்தை நோக்கிப் பந்தை எறிந்தது. அவற்றில் நூற்றுக்கு 43கூட உள்ளே போகவில்லை. குறி தவறிய பந்துகள்தாம் ரீபவுண்டுகளாகின்றன என்பதால், அணிக்கு 70க்குச் சற்று மேல் ரீபவுண்டுகள் கிடைத்தன. 1999-2000இலோ எறிதல்கள் சுமார் 82, ரீபவுண்டுகள் சுமார் 43. எனவே எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பங்கைப் பார்ப்போம். ஒரு சராசரி அணியின் ரீபவுண்டுகளில் வில்ட் எடுத்த அளவு ஏறக்குறைய 36 விழுக்காடு, ஷக் எடுத்தது 32 விழுக்காடு. அதிலும் வில்ட் அந்தப் பருவத்தில் சராசரியாக 48.5 நிமிடம் ஆடினார். 48 நிமிட ஆட்டத்தில் கூடுதல் நேரங்களும் சேர்ந்ததால் வந்த எண் அது. ஷக் ஆடியது 40 நிமிடம். நிமிடக் கணக்கில் பார்த்தால் ரீபவுண்டில் ஷக் சற்று முந்திவிடுகிறார்.

புள்ளிகளில் கதை வேறு. அன்றைய சராசரி அணி 119 புள்ளிகளை ஒட்டி எடுத்தது, வில்ட்டின் 50.4 அதில் 42 விழுக்காடு. ஷக்கின் பங்கு சுமார் 30. நிமிடங்களைச் சரிக்கட்டினால் 37 வரை ஏறும். ஆக, வேகத்தையும் நேரத்தையும் கழித்த பிறகும் வில்ட் முன்னால்தான் நிற்கிறார். ஆனால் தூரம் கைக்கு எட்டும் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுத்து ஒரு பருவம் முழுவதும் ஓய்வே இல்லாமல் ஆடுவதும் ஒரு திறமைதான் என்பதால், நிமிடங்களைச் சரிக்கட்டுவதில் வில்ட்டுக்குக் கொஞ்சம் அநியாயம் நடக்கிறது என்பது என் எண்ணம்.

புதியவன்: எல்லாக் காலத்துக்கும் சேர்த்து யார் மிகச் சிறந்த சென்டர்?

பதில்: எந்தக் காலத்து விதிகளின் கீழ் என்று சொல்லாதவரை இதற்குப் பதில் கிடையாது. அடுத்ததைப் படியுங்கள்.

பழைய மைதானம்: சென்டர்களை அடக்குவதற்காகவே விதிகளை மாற்றினார்கள் என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை?

பதில்: பெருமளவு உண்மை. வெவ்வேறு காலத்தவரை ஒப்பிட எனக்குத் தெரிந்த நேர்மையான அளவுகோலும் இதுதான், ஏனென்றால் விதி மாற்றம் என்பது எதிரணிகள் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம். மினியாபொலிஸ் லேக்கர்ஸின் ஜார்ஜ் மைக்கனைத் தடுக்க வழியில்லாமல், 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணியினர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினார்கள். ஆட்டம் 19-18 என்று முடிந்து ஃபோர்ட் வெய்ன் வென்றது. லேக்கர்ஸின் 18 புள்ளிகளில் 15 மைக்கனுடையவை. இப்படிப்பட்ட ஆட்டங்களைக் காசு கொடுத்துப் பார்க்க யார் வருவார்கள்? 1954இல், 24 விநாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற கடிகாரம் வந்ததற்கு இவையும் ஒரு காரணம். அதற்கு முன்பே, 1951இல், வளையத்தின் முன்னே தாக்கும் அணியினர் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாத பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கியிருந்தார்கள். வில்ட் வந்த பிறகு 1964இல் அது 16 அடியானது. கல்லூரி ஆட்டத்தில் 1967இல் டங்க்கையே (எம்பி வளையத்துக்குள் பந்தைத் திணிப்பது) தடை செய்தார்கள், அப்போது யு.சி.எல்.ஏ.வில் ஆடிக்கொண்டிருந்தவர் லூ அல்சிண்டர், பிற்காலக் கரீம் அப்துல் ஜப்பார். தடை 1976 வரை நீடித்தது. ஷக்கின் காலத்தில், 2001-02 பருவம் முதல், ஆளுக்கு ஆள் காவல் காக்காமல் இடத்தைக் காக்கும் தடுப்பாட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. அந்தப் பருவத்திலும் ஷக்கின் லேக்கர்ஸ்தான் கோப்பையை வென்றது.

இடதுகை: கரீமின் ஸ்கைஹூக்கை இப்போது ஏன் யாரும் ஆடுவதில்லை?

பதில்: கற்றுக்கொள்ளப் பொறுமை இல்லை என்பதுதான் சுருக்கமான பதில். அந்த அசைவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வளையத்துக்கு முதுகு காட்டிப் பந்தை வாங்குகிறார். இடக்காலை ஊன்றி வலமுழங்காலை உயர்த்தித் திரும்பும்போது, இடத்தோள் தடுப்பவருக்கும் பந்துக்கும் நடுவே வந்துவிடுகிறது. வலக்கை முழுவதும் நீண்ட பிறகு, உச்சியில் மணிக்கட்டு மட்டும் மடங்கிப் பந்தை விடுகிறது. 7 அடி 2 அங்குல உயரமுள்ளவர் குதித்துக்கொண்டே தலைக்கு மேல் நீட்டிய கையிலிருந்து புறப்படும் பந்து, அடுத்தவருக்கு எட்டாக்கனி. டங்க் தடை அவருக்கு ஒருவகையில் நன்மையே செய்தது. இந்த எறிதலைத் தீட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயம் வந்தது. 38,387 புள்ளிகளோடு 1989இல் ஓய்வு பெற்றார்; அந்தச் சாதனையை லெப்ரான் ஜேம்ஸ் கடந்தது 2023 பிப்ரவரியில்.

பாஸ்டன் பச்சை: பில் ரசல் 13 பருவங்களில் 11 கோப்பைகள் வென்றார், வில்ட் 2. இதற்கு மேலும் என்ன ஒப்பீடு வேண்டும்?

பதில்: கோப்பை அணிக்குக் கிடைப்பது. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் ரசலோடு கூஸி, ஷார்மன், ஹைன்சன், சாம் ஜோன்ஸ், ஹாவ்லிசெக் என்று வெவ்வேறு ஆண்டுகளில் ஆடியவர்களையும், பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக்கையும் எண்ணிப் பாருங்கள்.

பாஸ்டன் பச்சை: இது வில்ட் ரசிகர்களின் பழைய சாக்கு. 1969 இறுதித் தொடரில் வில்ட்டின் லேக்கர்ஸ் பக்கம் ஜெரி வெஸ்டும் எல்ஜின் பெய்லரும் இருந்தார்களே! அப்போதும் ரசல்தானே வென்றார்?

பதில்: நல்ல கேள்வி, ஏற்கிறேன். இதற்கு விரிவாகவே எழுத வேண்டும். இருவரின் அணிகளும் பிளே-ஆஃப் தொடர்களில் (பருவ முடிவில் கோப்பைக்காக நடப்பவை) எட்டு முறை மோதின. 1967 ஒன்றைத் தவிர ஏழையும் ரசலின் அணி வென்றது. ஆனால் அந்த ஏழும் ஒரே மாதிரியானவை அல்ல. 1962இல் ஏழாவது ஆட்டம் 109-107. 1965இல் ஏழாவது ஆட்டம் 110-109. 1969இல் ஏழாவது ஆட்டம் 108-106. இத்தனை சிறிய இடைவெளியை வைத்துக்கொண்டு ஒருவரை வெற்றியாளர் என்றும் மற்றவரைக் கோழை என்றும் பிரிப்பது முறையல்ல. மறுபக்கம், ரசலுக்கு எதிரே ஆடியபோதும் வில்ட்டின் சராசரி 28.7 புள்ளி, 28.7 ரீபவுண்ட் என்பதை மட்டும் காட்டுகிறவர்கள், 50.4 எடுத்தவர் 28.7க்கு இறங்கியதில் ஒரு பங்கு ரசலின் வேலை என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். ரசல் பந்தைக் கூட்டத்துக்குள் அடித்துத் தள்ளாமல், தட்டித் தன் அணியினர் கையில் விழச் செய்வார். அங்கிருந்தே பாஸ்டனின் விரைவுத் தாக்குதல் கிளம்பும். பின்னால் அவர் இருக்கிறார் என்ற துணிச்சலில்தான் வளையத்திலிருந்து தள்ளி ஆடும் கார்டுகள் எதிராளியை நெருக்கிப் பிடித்தார்கள். இதை எந்தப் புள்ளிவிவரமும் பிடிக்காது.

நடுவர் ஊதல்: ரசலின் பிளாக் சராசரி எட்டுக்கு மேல் என்று படித்திருக்கிறேனே?

பதில்: முதல் பத்தியைப் படியுங்கள்.

வில்ட் 100: 1969இல் பயிற்சியாளர்தான் வில்ட்டைத் தோற்கடித்தார்.

பதில்: பாதி உண்மை. அந்த ஏழாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் முழங்கால் வலியால் வெளியே வந்த வில்ட், மறுபடி உள்ளே போகத் தயாரென்று சொன்னபோது பயிற்சியாளர் வான் பிரெடா கோல்ஃப் அனுப்பவில்லை. மறுபாதியையும் பாருங்கள். அந்த ஆட்டத்தில் வில்ட் 13 ஃப்ரீ த்ரோக்களில் (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதல்) 4ஐத்தான் போட்டார். தோல்வி 2 புள்ளிகளில். இவரே 1962இல் ஹெர்ஷியில் 100 புள்ளிகள் எடுத்த இரவில் 32இல் 28 போட்டவர். அன்று இரண்டு கைகளாலும் இடுப்புக்குக் கீழிருந்து பந்தைத் தூக்கி எறிந்தார். பார்ப்பவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது என்ற கூச்சத்தில் பிறகு அந்த முறையைக் கைவிட்டார். பயிற்சியாளரைத் திட்டுவதற்கு முன் அதற்கு ஒரு பதில் சொல்லுங்கள்.

உயரம் வேண்டும்: என் மகனுக்குப் பதினான்கு வயது. சென்டர் ஆக என்ன சாப்பிட வேண்டும்?

பதில்: மருத்துவரிடமும் அவனுடைய பயிற்சியாளரிடமும் கேளுங்கள்.

கனவு நடை: ஹக்கீம் ஒலாஜுவானை ஏன் இந்தப் பேச்சில் காணோம்?

பதில்: ரசல், வில்ட் கட்சிக்காரர்கள் இடம் விடவில்லை. நைஜீரியாவின் லாகோஸில் கால்பந்தும் ஹேண்ட்பாலும் ஆடி வளர்ந்த கால்கள் அவருடையவை. தோளை ஒரு பக்கம் சாய்த்து ஆசைகாட்டி, தடுப்பவர் அந்தப் பக்கம் எடையைப் போட்டதும் மறுபக்கம் சுழன்று, அவர் பதறிக் குதிக்கும்போது அவருக்குக் கீழே நுழைந்து பந்தைப் போடுவார். 1994இல் ஒரே பருவத்தில் எம்.வி.பி. (பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்), சிறந்த தடுப்பாட்டக்காரர், இறுதித் தொடரின் எம்.வி.பி. மூன்றும் அவருக்கே கிடைத்தன. மறு ஆண்டு, எம்.வி.பி. பட்டம் பெற்ற டேவிட் ராபின்சனைத் தாண்டி, இறுதித் தொடரில் இளம் ஷக்கின் ஆர்லாண்டோவை 4-0 என்று முடித்தார். பதிவான பிளாக்குகளில் 3,830 எடுத்து முதலிடத்தில் இருப்பவரும் அவரே. தாக்குதல், தடுப்பு இரண்டையும் சேர்த்துப் பார்த்து, விதி எதுவானாலும் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடு என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் இவரைத்தான் எடுப்பேன்.

பாஸ்டன் பச்சை: அப்படியானால் ரசலைவிட ஹக்கீம் மேல் என்கிறீர்களா?

பதில்: எழுதியதைத்தான் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை.

புதிய அலை: நிகோலா யோகிச் அந்தக் காலத்தில் தாக்குப்பிடிப்பாரா?

பதில்: அணிகள் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2014இல் 41ஆவது ஆளாகத் தேர்வான இவர், 2023 பிளே-ஆஃபில் மொத்தப் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் (புள்ளிக்கு வழிசெய்த பாஸ்) மூன்றிலும் முதலிடம் பிடித்தார், ஒரே பிளே-ஆஃபில் அதற்கு முன் யாரும் இதைச் செய்ததில்லை. தாக்குதலில் எந்தக் காலத்திலும் நிற்பார், ஏனென்றால் அவருடைய பாஸ்களுக்கு விதி தடையாக இல்லை. மூன்று புள்ளிக் கோடு 1979-80இல் வந்ததால், அதற்கு முன் அவரை வைத்தால் தொலைவெறிதலின் மதிப்பு குறையும். தடுப்பாட்டத்தில்தான் எனக்குச் சந்தேகம். 2000 இறுதித் தொடரில் சராசரி 38 புள்ளி எடுத்த ஷக்குக்கு எதிரே, உதவிக்கு வேறு ஆளை முன்கூட்டியே அனுப்ப முடியாத அன்றைய விதியின் கீழ், யோகிச்சைத் தனியே நிறுத்தினால் இரண்டாம் பாதிக்குள் அவருடைய ஃபவுல் கணக்கு நிரம்பி வெளியே போக வேண்டியிருக்கும்.