நீச்சல் தெரியாம கோசுமெல்ல ஸ்நார்க்கலிங் போகலாமா?

கேள்வி: டிசம்பர்ல டெக்ஸாஸ் கால்வெஸ்டன்ல கப்பல் ஏறி மெக்ஸிகோவோட கோசுமெல் தீவுக்குப் போறோம் சார். எனக்கும் வைஃபுக்கும் நீச்சல் தெரியாது. கப்பல்ல விக்கிற ஸ்நார்க்கலிங் (கண்ணையும் மூக்கையும் மூடுற மாஸ்க் மாட்டி, வாயில ட்யூப் வச்சு மூச்சு விட்டுக்கிட்டே மிதந்து மீன் பாக்குறது) டூர்ல "லைஃப் ஜாக்கெட் உண்டு, நீச்சல் தெரியாதவங்களும் வரலாம்"னு போட்டிருக்கு. நம்பலாமா? எனக்குக் கண்ணாடி பவர் மைனஸ் 4, மீனெல்லாம் தெரியுமா? கரையில இறங்கினா இதே டூர் பாதி விலைக்குக் கிடைக்குமாமே?

பதில்: தாராளமா போங்க, ஆனா போட் டூர் எடுக்காதீங்க. கரையிலருந்து ஏணி பிடிச்சு இறங்குற இடமா பாருங்க.

லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும், அவ்ளோதான். கோசுமெல்ல கவலைப்பட வேண்டியது நீரோட்டத்தைப் பத்தி. மேற்குக் கரையை ஒட்டி தண்ணி பெரும்பாலும் தெக்கேருந்து வடக்க ஓடிட்டே இருக்கும். அதனால போட்காரங்க ஒரு இடத்துல இறக்கிவிட்டுட்டு நீங்க மிதந்துபோய்ச் சேர்ற இடத்துல வந்து ஏத்திப்பாங்க. நீச்சல் தெரிஞ்சவங்களுக்கு இது சுகம், கைகாலே அசைக்க வேணாம், பவளப்பாறை பாட்டுக்கு கீழ நகர்ந்துட்டே இருக்கும். உங்களுக்கு மாஸ்க்குக்குள்ள ஒரு வாய் தண்ணி போச்சுன்னா? ஊணி நிக்க தரை கிடையாது, பிடிச்சுக்க எதுவும் கிடையாது, போட் தள்ளி எங்கேயோ நிக்கும், கைடு இன்னும் பத்து பேரைப் பாத்துட்டு இருப்பார். பதட்டத்துல அந்த ட்யூப் வழியா வேகவேகமா மூச்சு இழுக்குறதே ஆபத்து, நுரையீரல்ல நீர் கோத்துக்கலாம்னு ஹவாய்ல செஞ்ச ஆய்வு சொல்லுது.

டிக்கெட் விக்கும்போது 'ஈஸி'ம்பாங்க, ஏறுறதுக்கு முன்னாடி நீட்டுற பேப்பர்ல எது நடந்தாலும் என் பொறுப்புன்னு கையெழுத்து வாங்கிப்பாங்க. மூஞ்சியைத் தண்ணில வச்சு மூச்சு விடத் தெரியுதான்னு சோதிக்க ரெண்டு நிமிஷம் ஆகுமா? அதைச் செய்யுறவங்களைத் தேடித்தான் பிடிக்கணும், எத்தனை தடவைதான் இதைச் சொல்றது!

துறைமுகத்துலருந்து டாக்ஸி பிடிச்சா சான்கனாப்னு ஒரு பார்க். ஏணி வழியா இறங்கலாம், மாஸ்க் வாடகைக்குக் கிடைக்கும், பயமா இருந்தா உடனே ஏறிடலாம். ஏணிக்குப் பக்கத்துலயே மீன் வரும்.

போட் டூர்ல ஒரே ஒரு விதிவிலக்கு எல் சியேலோ. மணல் தரை, ஆழம் கம்மி, பல இடத்துல நின்னுக்கலாம், நட்சத்திர மீன் கிடக்கும். ஆனா இதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு, எல் சியேலோன்னு பேர் போட்ட டூர்ல பெரும்பாலும் முதல்ல பலன்கார், அப்புறம் கொலம்பியான்னு ரெண்டு பவளப்பாறை, கடைசியாத்தான் எல் சியேலோ. முதல் ரெண்டும் ஆழமான இடம், நீரோட்டமும் இருக்கும். அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடியே "முதல் ரெண்டு ஸ்டாப்ல நாங்க போட்லயே உக்காந்துக்கலாமா"ன்னு கேட்டு, சரின்னா மட்டும் போங்க. எல்லாரும் குதிக்கிறாங்களேன்னு அங்க போய் மனசு மாறாதீங்க. எல் சியேலோ அன்னைக்கு திறந்திருக்கான்னும் கேளுங்க, 2019 அக்டோபர்ல பவளத்துக்கு நோய் பரவுதுன்னு இந்த மூணு இடத்தையும் மூடினாங்க. திறந்திருந்தா அந்த நட்சத்திர மீனைக் கையில தூக்கி போட்டோ எடுக்காதீங்க, தண்ணிக்கு மேல தூக்கினா அது மூச்சுவிட முடியாம செத்துப்போகலாம். கைடே எடுத்து நீட்டினாலும் வேணாம்னு சொல்லுங்க.

இப்ப அந்தப் பாதி விலை. கப்பலை விட்டு வெளிய வந்ததும் ஆமை படம் போட்ட அட்டையோட ஆளுங்க சூழ்ந்துப்பாங்க. அதுல நிறைய பேர் போட்காரங்க இல்ல, புரோக்கருங்க. நீங்க குடுக்குற அட்வான்ஸ்தான் அவங்க கமிஷன். மீதிப் பணம், பார்க் கட்டணம், மாஸ்க் வாடகைன்னு போட்கிட்ட போனப்புறம் ஒண்ணொண்ணா முளைக்கும், கூட்டிப் பாத்தா பாதி விலை எங்க போச்சுன்னே தெரியாது. டிசம்பர்ல வடக்குக் காத்து அடிச்சா துறைமுக அதிகாரி சின்ன போட்டெல்லாம் போகக்கூடாதுன்னு நிறுத்திடுவார், அப்ப அட்வான்ஸ் வாங்கினவரை எங்க போய்த் தேடுவீங்க? கப்பல் டூர் லேட்டானா கப்பல் காத்திருக்கும், வெளி டூருக்குக் காத்திருக்காது. நேரத்தையும் பாத்துக்கோங்க. கோசுமெல் இருக்குற கின்டானா ரோ மாநிலத்துல 2015லருந்து வருஷம் முழுக்க ஒரே நேரம், டிசம்பர்ல அது டெக்ஸாஸைவிட ஒரு மணி நேரம் முன்னால. கப்பல் கடிகாரத்தை மாத்தலைன்னா தீவுல பத்து மணி டூருக்கு நீங்க ஒன்பதுக்கே நிக்கணும்.

கண்ணாடி விஷயம் சுலபம். மாஸ்க்குக்குள்ள கண்ணாடி போட முடியாது, காதுல மாட்டுற கம்பி வழியா தண்ணி வந்துடும். பவர் லென்ஸ் வச்ச மாஸ்க் ரெடிமேடாவே விக்குது, மைனஸ் 4 தாராளமா கிடைக்கும். தண்ணிக்குள்ள எல்லாமே மூணுல ஒரு பங்கு பெருசாத் தெரியும், அதனால பவர்ல கால் பாயிண்ட் முன்னபின்ன இருந்தா கவலையில்ல. மீசை இருக்கா? மாஸ்க்கோட சிலிகான் உக்கார்ற இடத்துல, மீசையோட மேல் ஓரமா மூக்குக்குக் கீழ ஒரு கோடு அளவுக்கு மழிச்சுடுங்க, அங்கதான் ஒழுகும். வார் மாட்டாம முகத்துல வச்சு மூக்கால மூச்சை இழுங்க, கையை எடுத்தாலும் விழாம ஒட்டி நின்னா அது உங்க சைஸ். முகம் முழுக்க மூடுற மாஸ்க் மட்டும் வாங்கிடாதீங்க, அவசரத்துல கழட்டுறது கஷ்டம்.

கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் மாஸ்க்கும் ட்யூபுமா ஏதாவது இன்டோர் பூல்ல இடுப்பளவு தண்ணில நின்னு, மூஞ்சியை முக்கி பத்து நிமிஷம் நிதானமா மூச்சு விட்டுப் பழகுங்க. அங்க பதட்டம் வராதவங்க மட்டும் சான்கனாப்ல இறங்குங்க.